கிளிப்பிள்ளைக்கு வந்த காய்ச்சல்

தமிழில் எல்லா உயிரையும் நாம் ‘பிள்ளை’ என்று கூப்பிடுவதில்லை. அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை, கிளிப்பிள்ளை என்று ஒரு சிலவற்றுக்குத்தான் அந்த உரிமை. பறவைக் குஞ்சைப் பார்ப்பு என்றும் பிள்ளை என்றும் சொல்லலாம் என்று தொல்காப்பியத்தின் மரபியலே சொல்கிறது. கிளிக்கு மட்டும் வளர்ந்து பெரிசான பிறகும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பேசுகிற உயிர் என்பதால் இருக்கலாம்.

பதுளை, பசறை, ஹாலிஎல பக்கத்துத் தோட்டங்களில் லயத்து இஸ்தோப்பில் ஒரு கம்பிக்கூண்டு தொங்கினால், உள்ளே இருக்கும் கிளிக்குக் கண்டிப்பாக ஒரு பெயர் இருக்கும். மலைக்குப் போனவர்கள் திரும்பி வந்தால் குரல் கொடுக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். அது என்ன பேசும் என்று கேட்டால் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அதன் வயசு என்ன, ஆணா பெண்ணா, போன வாரம் ஏன் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. ஒரு காலையில் அது கூண்டின் அடியில் விறைத்துக் கிடக்கும். அப்போது வீட்டுக்கு வீடு ஒரே வசனம்தான் வரும்: “நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்திச்சு!”

நேற்று வரை அது நல்லா இருந்திருக்காது. பல நாட்களாகவே நோயாக இருந்திருக்கும். அதை நாம் ஏன் பார்க்கவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. கிளி பேசுவதைக் கேட்க மனிதர்களுக்கு 2,400 வருசமாகக் காது இருக்கிறது. கிளியின் உடம்பைப் பார்க்கக் கண் திறந்து இன்னும் 100 வருசம்கூட ஆகவில்லை.

பேச்சை மட்டும் கேட்ட காலம்

கிளியைப் பற்றி ஐரோப்பாவில் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் ஒன்றை எழுதியவர் ஒரு வைத்தியர். பாரசீக அரசவையில் வேலை செய்த கிரேக்கர், பெயர் தீசியஸ். இந்தியாவைப் பற்றி அவர் எழுதிய நூலில் சிவந்த முகமும் கறுத்த தாடியும் கொண்ட ஒரு பறவை வருகிறது. அது இந்தியரின் மொழியைப் பேசும், கற்றுக்கொடுத்தால் கிரேக்கமும் பேசும் என்கிறார். அந்த அடையாளத்தை வைத்து அது நம் பக்கத்துச் செந்தலைக் கிளியாக இருக்கலாம் என்று சொல்கிறார்கள். வைத்தியரே எழுதியும், அந்தப் பறவையின் பேச்சுத்தான் நினைவில் நின்ற செய்தி.

அதற்குப் பிறகு அலெக்சாண்டரின் படையெடுப்பு வந்தது. இந்தியக் கிளிகள் மேற்கே போயின. பெரிய பச்சைக்கிளிக்கு இன்றைக்கும் ஆங்கிலத்தில் அலெக்சாண்டரின் பெயர்தான். கி.பி. முதலாம் நூற்றாண்டில் ரோமானியர் பிளினி, இந்தியாவிலிருந்து வரும் கழுத்தில் சிவப்பு வளையம் போட்ட பச்சைப் பறவையைப் பற்றி எழுதினார். அதன் தலை அலகைப்போலவே கெட்டியானது, பேசப் பழக்கும்போது இரும்புக் கம்பியால் தலையில் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு உறைக்காது என்பது அவருடைய குறிப்பு. கிளி வளர்ப்பு பற்றி எழுத்தில் வந்த பழைய ஆலோசனைகளில் இதுவும் ஒன்று.

தமிழில் கதை வேறு மாதிரி. சங்கப் பாட்டில் கிளி முதலில் வருவது தினைப்புனத்துக்கு, திருடியாக. குறிஞ்சி நிலத்துப் பெண்கள் பரணில் இருந்து தழல், தட்டை, குளிர் என்று ஓசை எழுப்பும் கருவிகளை வைத்துக் கிளி ஓட்டினார்கள். ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய குறிஞ்சிப் பகுதியில் ‘கிள்ளைப் பத்து’ என்று பத்துப் பாட்டு கிளிக்கென்றே இருக்கிறது. ஆனால் அங்கே பேச்சு கிளியைப் பற்றியதல்ல. கிளி வந்தால்தான் தலைவி புனத்துக்கு வருவாள், அவள் வந்தால்தான் தலைவன் அவளைப் பார்க்க முடியும். பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டபோது, பழக்கிய கிளிகளை வெளியே அனுப்பி நெற்கதிர் கொண்டுவரச் செய்தார் கபிலர் என்ற செய்தி அகநானூற்றில் இருக்கிறது. அங்கேயும் கிளி ஒரு வேலைக்குத்தான் வருகிறது.

பிறகு கிளி தூதுக்குப் போயிற்று. தமிழில் கிள்ளைவிடு தூது எழுதினார்கள். 15ஆம் நூற்றாண்டில் கோட்டை இராச்சியத்தில் சிங்களத்தில் ‘கிரா சந்தேசய’ வந்தது, அதுவும் கிளித்தூதுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கையில் கிளி, மதுரை மீனாட்சியின் கையிலும் கிளி. ஆண்டாளின் கிளியை ஒவ்வொரு நாளும் இலைகளால் புதிதாகச் செய்து வைக்கிறார்கள். நம் மனசில் இருக்கும் கிளியும் கிட்டத்தட்ட அப்படித்தான். தினமும் புதிதாகச் செய்யப்படும் கிளிக்கு வயசாகாது, எச்சம் போடாது, மூச்சு வாங்காது.

மலையகத்துக் கவிதைகளிலும் இதே பழக்கம் தொடர்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவைக் கூண்டு என்றும் நம்மைக் கூண்டுக்கிளி என்றும் எழுதுவது நமக்குச் சுலபமாக வரும். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அந்த உவமையை எழுதி முடிக்கும்போது, அதே இஸ்தோப்பில் நிஜமாகவே கூண்டில் இருக்கும் கிளி கண்ணிலிருந்து மறைந்துபோகிறது.

ஊவாவின் கிளிகள்

இலங்கையில் இயற்கையாக வாழும் கிளி இனங்கள் 5. செந்தார்ப் பைங்கிளி என்று புத்தகங்கள் சொல்லும் சாதாரணப் பச்சைக்கிளி, பெரிய பச்சைக்கிளி, செந்தலைக் கிளி ஆகிய மூன்றும் இந்தியாவிலும் உண்டு. மற்ற இரண்டும் இந்தத் தீவை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லை. ஒன்று, சிங்களத்தில் ‘கிரா மலித்தா’ என்று சொல்லும் சின்னத் தொங்கும் கிளி. மற்றது சாம்பல் நீலத் தலையோடு மலைப்பக்கக் காட்டோரங்களில் கத்திக்கொண்டு பறக்கும் ‘அளு கிரவா’, அதாவது சாம்பல் கிளி. ஊவா மலைகளில் நாம் பார்ப்பது பல நேரம் இதைத்தான். ஆணின் அலகு சிவப்பு, பெண்ணின் அலகு கறுப்பு.

இந்தச் சாம்பல் கிளிக்கு விஞ்ஞானப் பெயர் வந்த கதை காலனிக் காலத்தின் கதை. எட்கர் லேயார்ட் என்ற ஆங்கிலேயர் 1846இல் இலங்கைக்கு வந்து அரசாங்க வேலை செய்துகொண்டே பறவைகளைச் சுட்டுச் சேகரித்தார். கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருந்த எட்வர்ட் பிளைத் 1849இல் இந்தக் கிளியை விஞ்ஞான உலகத்துக்கு விவரித்தார். ஆங்கிலப் பெயரில் லேயார்ட் இருக்கிறார். லத்தீன் பெயரில் இருப்பது அவருடைய மனைவியின் குடும்பப் பெயரான கல்த்ரொப். ஆக, இந்தத் தீவுக்கு மட்டுமே சொந்தமான கிளி ஒரு புதுத் தம்பதியின் பெயரைச் சுமந்துகொண்டு பறக்கிறது.

சரியாக அதே ஆண்டுகளில்தான் மலைகளில் காடு வெட்டப்பட்டுக் கோப்பி ஏறிக்கொண்டிருந்தது. வெட்டியவர்களில் நம் முன்னோர்களும் இருந்தார்கள். 1869இல் கோப்பியை அழித்த இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது வேறெங்கும் அல்ல, நம்ம மடுல்சீமையில்தான். கோப்பி போய்த் தேயிலை வந்தது. 1924இல் கோச்சி பதுளை வரைக்கும் வந்து சேர்ந்தது.

கிளியின் கணக்கில் இதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. கிளி கூடு கட்டாது. பழைய பெரிய மரத்தில் இருக்கும் பொந்துக்குள்தான் முட்டையிடும். மரங்கொத்தி குடைந்தது, கிளை முறிந்து உளுத்தது என்று ஒரு பொந்து உருவாக ஒரு மரத்துக்குப் பல பத்து ஆண்டுகள் வேண்டும். தேயிலைச் செடியில் பொந்து கிடையாது. நிழலுக்கு வைத்த முள்முருக்கில் பூ இருக்கும், தேன் குடிக்கலாம். அதிலும் கிளைகளை வெட்டிக்கொண்டே இருப்பார்கள். எனவே பொந்துள்ள மரம் ஒரு தோட்டத்தில் எங்கே நிற்கிறது என்பது கிளிக்குத் தெரியும், ஊர்ப் பொடியன்களுக்கும் தெரியும். குஞ்சு எடுப்பது இதனால்தான் அவ்வளவு சுலபமாக இருந்தது. ஒரே பொந்தில் வருசா வருசம் குஞ்சு எடுத்தால் அந்தச் சோடி வருசா வருசம் பிள்ளையில்லாமல் போகும். அந்தக் கணக்கு யார் கண்ணிலும் படாது. கிளிக்கூட்டம் மேலே பறந்துகொண்டேதான் இருக்கும்.

1930: ஜனாதிபதி கிளிக்குப் போட்ட தடை

கிளியின் உடம்பை உலகம் முதன்முதலாகக் கூர்ந்து பார்த்தது, அதன் நோய் மனிதனைக் கொன்றபோதுதான்.

1879இல் சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் என்ற ஊரில், யாக்கோப் ரிட்டர் என்ற வைத்தியர் ஒரே வீட்டில் பலருக்கு விநோதமான நுரையீரல் காய்ச்சல் வந்ததைக் கவனித்தார். அந்த வீட்டில் புதிதாக வாங்கிய கூண்டுப் பறவைகள் இருந்தன. 1890களில் பாரிஸில், தென்னமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கிளிகளோடு அதே நோய் வந்தது. கப்பலிலேயே செத்துப்போன கிளிகள் ஏராளம். கிளிக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து நோய்க்குப் பெயர் வைத்தார்கள். தமிழில் கிளிக்காய்ச்சல் என்று சொல்லலாம்.

பிறகு எல்லோரும் மறந்துபோனார்கள். 1929 கடைசியில் அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு குடும்பத்துக்குக் கிறிஸ்மஸ் பரிசாக ஒரு கிளி வந்தது. கிளி செத்தது. ஜனவரியில் வீட்டில் மூவர் படுத்தார்கள். அதேபோலச் செய்தி ஊருக்கு ஊர் வர ஆரம்பித்தது. பத்திரிகைகள் பொங்கின. மக்கள் கிளிகளைத் தெருவில் விட்டார்கள், கழுத்தைத் திருகினார்கள். கடற்படையில் மாலுமிகள் தங்கள் கிளிகளைக் கடலில் எறிய வேண்டும் என்று உத்தரவு போட்ட தளபதியும் உண்டு. 1930 ஜனவரியில் ஜனாதிபதி ஹூவர் கிளி இறக்குமதிக்கே தடை போட்டார்.

வாஷிங்டனில் அரசாங்கத்தின் சுகாதார ஆய்வுக்கூடத்தின் நிலக்கீழ் அறையில் சார்ள்ஸ் ஆம்ஸ்ட்ரோங்கும் அவருடைய உதவியாளரும் நோய்ப்பட்ட கிளிகளை வைத்து இரவு பகலாக ஆய்வு செய்தார்கள். உதவியாளருக்கு நோய் தொற்றிப் பெப்ரவரியில் இறந்தார். ஆம்ஸ்ட்ரோங்கும் படுத்தார், தப்பினார். கட்டடத்தில் இன்னும் பலருக்குத் தொற்றியதும், ஆய்வுக்கூடத்தின் தலைவர் மெக்கோய் தானே இறங்கி, எஞ்சிய பறவைகளையும் விலங்குகளையும் கொன்று இடத்தைச் சுத்தப்படுத்தினார். அமெரிக்காவில் மட்டும் 169 பேருக்கு நோய், 33 மரணம். அதே 1930இல் அந்த ஆய்வுக்கூடம் பெயர் மாறி அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனமாயிற்று. உலகத்தின் மிகப் பெரிய மருத்துவ ஆய்வு அமைப்புகளில் ஒன்றின் பிறப்பு வருசத்தில் ஒரு கிளி உட்கார்ந்திருக்கிறது.

இது எங்கேயோ நடந்த கதைதான். ஆனால் அதன் உள்ளே ஒரு நியாயம் இருக்கிறது, அது நமக்கு நல்லாத் தெரிந்தது. அதே காலத்தில் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த நம் ஆட்களை மண்டபம் முகாமில் சில நாட்கள் அடைத்து வைத்து, அம்மைப்பால் குத்தி, பிறகுதான் கப்பல் ஏற்றினார்கள். அவர்களுடைய உடம்பு மீது திடீரென்று வந்த அக்கறை அல்ல அது. கொலராவும் அம்மையும் தோட்டத்துக்குள் வந்துவிடும் என்ற பயம். மேலே இருப்பவனுக்குத் தொற்றும் என்று தெரிந்தால்தான் கீழே இருப்பவனின் நோய் கணக்கில் ஏறும். கிளிக்கும் அதே சட்டம்தான் நடந்தது.

நோய் எங்கே இருந்தது?

பயம் அடங்கிய பிறகுதான் நல்ல கேள்வி வந்தது. கலிபோர்னியாவில் கார்ல் மேயர் என்ற கால்நடை விஞ்ஞானி 1930களின் தொடக்கத்தில் வீட்டு வளவுகளில் வளர்த்த சின்னக் கிளிகளைப் பரிசோதித்தார். பட்ஜி என்ற அந்த இனத்தை 1840இல் ஜோன் கூல்ட் என்பவர் அவுஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். பதுளை டவுனில் நாம் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று வாங்குவது பெரும்பாலும் இதைத்தான். மேயர் கண்டது இது: வெளியே சுகமாகத் தெரியும் பறவைக்குள்ளும் கிருமி அமைதியாக இருக்கும். நெரிசல், பசி, குளிர், பயணம், பயம் என்று ஏதாவது வந்தால் அது கிளம்பி எச்சத்தோடு வெளியேறும். காய்ந்த எச்சம் தூசியாகி மூச்சோடு போனால் மனிதனுக்கும் வரும். கப்பலின் அடித்தட்டில் நூற்றுக்கணக்கில் அடைத்து வந்த கிளிகள் ஏன் அப்படிச் செத்தன என்பதற்கு விளக்கம் இதில் இருக்கிறது. கிருமி கிளியிடம் இருந்தது. அதைக் கிளப்பிவிட்டது கிளியை வைத்திருந்த முறை.

இன்றைக்கு இந்த நோய்க்கு டொக்சிசைக்கிளின் போன்ற மருந்து இருக்கிறது, பயந்து கிளியைக் கொல்லத் தேவையில்லை. ஆனால் வீட்டில் பறவை இருந்து, ஒருவருக்குக் கடும் காய்ச்சல், தலையிடி, வறட்டு இருமல் என்று வந்தால், டொக்டரிடம் “வீட்டில கிளி வளக்கிறம்” என்று சொல்ல மறக்கக் கூடாது. அவர் தானாக நினைத்துக் கேட்க மாட்டார். கைக்குழந்தையும் வயசானவர்களும் படுக்கும் அறையில் கூண்டைத் தொங்கவிடாமல் இருப்பதும், எச்சத்தைக் காயவிட்டுக் கூட்டாமல் தண்ணீர் தெளித்துத் துடைப்பதும் மேயரின் காலத்துப் பாடங்கள்தான்.

‘நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்திச்சு’ என்ற வசனத்துக்கும் விளக்கம் இருக்கிறது. கூட்டமாக வாழும் பறவை நோயை மறைக்கும். தளர்ந்து தெரிகிற பறவையைத்தான் வல்லூறு முதலில் தூக்கும் என்பதால் கடைசி வரை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். அதனால் சின்ன அடையாளங்களைப் பார்க்க வேண்டும். பகலில் இறகைப் புடைத்துக்கொண்டு தூங்குதா? மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடுதா? எச்சம் தண்ணியாக, கடும் பச்சையாக மாறியிருக்கா? நெஞ்செலும்பு கத்திமாதிரி துருத்திக்கொண்டிருக்கா? உமியை மட்டும் உடைத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்ட மாதிரி காட்டுதா? வாரத்துக்கு ஒருக்கா சமையல் தராசில் நிறுத்து எழுதி வைத்தால், கண்ணுக்குத் தெரியும் முன்பே நிறை சொல்லிவிடும்.

லயத்துக்கென்றே சில ஆபத்துகள் இருக்கின்றன. பறவையின் நுரையீரலோடு காற்றுப்பைகள் சேர்ந்திருப்பதால் உள்ளே போகும் காற்றை அது நம்மைவிட நன்றாக உறிஞ்சும். புகையையும் அப்படியே உறிஞ்சும். பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் 1980கள் வரைக்கும் கனரி குருவியைக் கொண்டு போனது இதனால்தான். விஷவாயு வந்தால் மனிதனுக்கு முன் அது விழும். விறகடுப்புப் புகை நிற்கும் காம்பராவில் கூண்டை வைத்தால் கிளி செய்வதும் அந்தச் சுரங்கக் குருவியின் வேலைதான். நாகம் பூசிய மலிவுக் கம்பியை அது நாளெல்லாம் கடித்தால் அந்த நாகம் உடம்பில் சேர்ந்து விஷமாகும்.

சாப்பாடும் அப்படித்தான். ஊவாவில் அவகாடோ காய்த்துக் கொட்டும். நமக்கு நல்லது, கிளிக்கு விஷம், இதயத்தையே தாக்கும். தேத்தண்ணியில் தோய்த்த பாண் அன்பால் கொடுப்பது, ஆனால் கஃபீனும் சீனியும் அந்தச் சின்ன உடம்புக்குத் தாங்காது. வெறும் நெல்லும் சூரியகாந்தி விதையும் மட்டும் போட்டால் விற்றமின் ஏ குறைந்து மூக்கும் தொண்டையும் புண்ணாகும். வெலிமடைப் பக்கத்துக் கரட், பூசணி, கீரை, கொய்யா, அவித்த சோளம், கொஞ்சம் குரக்கன் இதெல்லாம் பக்கத்திலேயே கிடைக்கிறது. மரக்கறிக்கு மருந்து அடித்திருப்பார்கள், கழுவிக் கொடுக்க வேண்டும்.

கொச்சிக்காய் கொடுத்தால் கிளி பேசும் என்பது ஊரெல்லாம் இருக்கும் நம்பிக்கை. கிளி அதை ஆசையாகச் சாப்பிடுவது உண்மை, காரணம் வேறு. பாலூட்டிகளுக்கு உறைப்பை உணர்த்தும் நரம்பு வாசல், பறவைகளில் அந்த உறைப்புக்குத் திறப்பதில்லை. 2002இல் டேவிட் ஜூலியஸின் குழு இதைக் கோழியில் காட்டியது. அந்த வாசலைக் கண்டுபிடித்ததற்காக அவருக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. அதேமாதிரி, பேசுவதற்காக நாக்கைச் சுரண்டுவது, வசம்பு தேய்ப்பது. கிளியின் குரல் உண்டாவது மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் இருக்கும் உறுப்பில். நாக்கைச் சுரண்டினால் மிஞ்சுவது புண்தான்.

கிளி ஏன் பேசுகிறது?

இந்தக் கேள்விக்கு 2,400 வருசம் கழித்துத்தான் ஓரளவு நல்ல பதில் கிடைத்தது. 1977இல் ஐரீன் பெப்பர்பெர்க் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு கடையில் சாம்பல்நிற ஆபிரிக்கக் கிளி ஒன்றை வாங்கினார். அலெக்ஸ் என்று பெயர் வைத்தார். 2007இல் அது சாகும் வரை 30 வருசம் அதனோடு வேலை செய்தார். நிறம், வடிவம், எண்ணிக்கை, ‘ஒன்றா வேறா’ என்பதெல்லாம் அது சொல்லிற்று. சொல்லைத் திருப்பிச் சொல்வது மட்டும் கிளிக்குத் தெரியும் என்று நினைத்தவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டியதாயிற்று.

2011இல் வெனிசுவேலாவில் இருந்து வந்த ஆய்வு அதைவிட மனசைத் தொடுவது. கார்ல் பெர்க்கும் குழுவினரும் அங்குள்ள ஒரு சின்னக் காட்டுக்கிளி இனத்தின் கூடுகளில் கமராவும் ஒலிக்கருவியும் வைத்தார்கள். குஞ்சு பேச ஆரம்பிக்கும் முன்பே பெற்றோர் அதற்கென்று ஒரு தனி ஓசையைக் கொடுக்கின்றன. குஞ்சு அதைக் கொஞ்சம் மாற்றித் தன்னுடையதாக்கிக்கொள்கிறது. பிறகு கூட்டத்தில் அந்த ஓசையால்தான் அது அறியப்படுகிறது. சுருக்கமாகச் சொன்னால், பெயர்.

கிளி நம் சொல்லைக் கற்பது நம்மை மகிழ்விக்க அல்ல. யாரோடு வாழ்கிறதோ அவர்களின் ஓசையைப் பிடித்து, அந்தக் கூட்டத்தில் இடம் பிடிப்பதற்காக. விடியற்காலையும் பொழுதுபடவும் கூண்டுக்கிளி காது கிழியக் கத்துவதும் கூட்டத்தைக் கூப்பிடும் நேரம் அது என்பதால்தான். கண்மணி சுருங்கி விரிந்தால் உசாராகியிருக்கிறது, கையை நீட்டாதீர்கள். தலையை ஆட்டி ஆட்டித் தின்றதைக் கக்கிக் கொடுத்தால், அருவருக்க வேண்டாம், உங்களைத் தன் சோடியாக நினைக்கிறது. தன் இறகைத் தானே பிடுங்கி நெஞ்சை மொட்டையாக்கினால், அதற்கு உடம்பிலோ மனசிலோ பெரிய வருத்தம் இருக்கிறது. நாளெல்லாம் யாரும் இல்லாத வீட்டில், திரும்பக்கூட முடியாத கூண்டில் ஒரு பச்சைக்கிளியை வைத்தால் அது நடக்கத்தான் செய்யும். நல்லாப் பார்த்தால் பச்சைக்கிளி 20 வருசத்துக்கு மேலும் வாழும். நம் வீட்டுக் கிளிகள் எத்தனை வருசம் வாழ்ந்தன என்று ஒருதரம் கேட்டுப் பார்க்கலாம்.

சட்டமும் பொந்தும்

இலங்கையில் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பல தடவை திருத்தியிருக்கிறார்கள். நம் சாம்பல் கிளியைப் போன்ற காட்டுப் பறவையைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் அதன்படி குற்றம். இந்தியாவில் 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பச்சைக்கிளி வளர்ப்பதையே தடுக்கிறது. அப்படியிருந்தும் கிளி ஜோசியம் அங்கே தெருவில் நடந்தது. 2024 ஏப்ரலில் கடலூரில் தேர்தல் வேட்பாளர் தங்கர் பச்சானுக்குக் கிளி சீட்டெடுத்துக் கொடுத்த காட்சி பரவியதும், வனத்துறை ஜோசியக்காரரைப் பிடித்தது. ஏழை மனிதனைப் பிடித்துவிட்டார்கள் என்று ஒரு பக்கம், சட்டம் சட்டம்தான் என்று மறுபக்கம். இரண்டு பக்கமும் அவரவர் நியாயத்தைப் பேசினார்கள். சிறகு வெட்டிய கிளி ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு நெல் வாங்கிக்கொண்டு உள்ளே போவதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

நம்ம ஊரிலும் சட்டத்தை மட்டும் நம்பிப் பயனில்லை. பொந்து எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் நாம்தான். ஆண்டின் முற்பகுதியில் யாராவது சப்பாத்துப் பெட்டிக்குள் இறகு முளைக்காத குஞ்சைக் கொண்டுவந்து ஆயிரம் இரண்டாயிரம் கேட்டால், பாவம் என்று வாங்கினாலும் அடுத்த வருசம் அதே பொந்துக்கு அவர் திரும்பப் போவார். வாங்க ஆள் இல்லையென்றால் ஏற ஆள் இல்லை. பறவை வளர்க்கத்தான் ஆசை என்றால் கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிறந்து வளர்ந்த பட்ஜி இருக்கிறது. அதுவும் சோடியாக, பறக்க இடம் உள்ள கூட்டில்.

ஏற்கெனவே வீட்டில் இருக்கும் கிளியைக் கோபத்தில் திறந்து விடுவதும் தீர்வல்ல. சிறகு வெட்டிய, இரை தேடத் தெரியாத பறவையைக் காக்கை அன்றைக்கே முடித்துவிடும். கூண்டில் பிடித்த நோயை அது காட்டுக் கூட்டத்துக்கும் கொண்டு போகலாம். வனசீவராசிகள் திணைக்களத்திடம் கேட்டு ஒப்படைப்பதுதான் சரி. நோய் என்றால் பக்கத்துக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்கலாம். மாட்டுக்குத்தான் வைத்தியம் என்று நாமே முடிவு கட்டத் தேவையில்லை. அதற்கு மேலே போனால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடைப் போதனா வைத்தியசாலை இருக்கிறது. அதுவரைக்கும் கூண்டைப் பெரிசாக்கலாம், புகையிலிருந்து தள்ளி வைக்கலாம், கடித்து விளையாட ஒரு கொய்யாக் கிளை போடலாம், இரவில் ஹப்புத்தளைக் குளிருக்கு ஒரு சாக்கைப் போட்டு மூடலாம்.

பிளினி தன் காலத்துக் கிளியை இரும்புக் கம்பியால் அடிக்கச் சொன்னார், ஏனென்றால் அது பேசினால்தான் அதற்கு மதிப்பு. நாம் அடிப்பதில்லை, கொஞ்சுகிறோம், பிள்ளை என்கிறோம். ஒரு பிள்ளை ஒரு வாரமாகச் சாப்பிடாமல் மூலையில் குந்தியிருந்தால் எந்த வீட்டிலும் கவனிக்காமல் விடமாட்டார்கள். இன்றைக்குக் கூண்டுப் பக்கம் போகும்போது அதைப் பேசச் சொல்லாமல், ஒரு அஞ்சு நிமிசம் சும்மா நின்று அது மூச்சு விடுவதைப் பாருங்கள்.